ஆணுறை கேட்கப் போனவன் இருமல் மிட்டாயோடு வந்தான்

காரைக்குடி கல்லூரிச் சாலைப் பக்கம் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் ஆணுறை எதற்கு என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக இருக்கும் செஞ்சுருள் சங்கக் கூட்டத்தில் கேட்டிருப்பார், இல்லாவிட்டால் போனில் பார்த்திருப்பார். இருந்தும் பாதுகாப்பில்லாத உடலுறவு நடக்கத்தான் செய்கிறது. யார் ஆணுறை போடுவார், யார் விட்டுவிடுவார் என்று முன்னாலேயே கணிக்க முடியுமா? ஓரளவு முடியும். (18 வயது நிறைந்த, மனமொத்த இருவரைப் பற்றித்தான் பேச்சு. அதற்குக் கீழே என்றால் சட்டமே வேறு.)

1999-ல் 121 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் வெளியானது. எய்ட்ஸ் பற்றி எவ்வளவு தெரியும், எவ்வளவு பயம் என்பதெல்லாம் கணிப்புக்குப் பெரிதாக உதவவில்லை. ஆணுறை மீதான மனப்போக்கும், போட வேண்டும் என்ற எண்ணமும், துணையிடம் அதை வாய்விட்டுப் பேசியதும்தான் உதவின. நம் ஊரில் பேரணியும் வினாடி வினாவும் வளர்ப்பது முதல் வகையைத்தான் என்பது என் வருத்தம்.

உளவியலாளர் ஐசெக் ஐசன் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். எனக்கு இது பிடிக்கிறதா, எனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள், என்னால் இதைச் செய்ய முடியுமா என்ற மூன்றும் சேர்ந்துதான் எண்ணத்தை உருவாக்கும் என்கிறார். செட்டிநாட்டில் சறுக்குவது பெரும்பாலும் மூன்றாவதில். மெடிக்கல் ஷாப்பில் நாலு பேர் மாத்திரைச் சீட்டோடு நிற்பார்கள். கல்லாவில் இருப்பவர், "தம்பிக்கு எந்த ஊரு? தேவகோட்டையில யாரு வீட்டுப் பிள்ளை?" என்று பிரியமாகத்தான் விசாரிப்பார். தம்பி இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அதே கடையில் ஒரு பெண் போய்க் கேட்பது இன்னும் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவே வேண்டாம். ஆள் கேட்காமல் தானே எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் வைத்தால் பாதிக் கூச்சம் அங்கேயே போகும்.

சரி, வாங்கியாயிற்று. அப்புறமும் எண்ணம் காலை வாரும். டேன் ஏரியலியும் ஜார்ஜ் லோவன்ஸ்டீனும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆண் மாணவர்களிடம் ஒரே கேள்விகளைச் சாதாரண நிலையிலும் காம உணர்வு தூண்டப்பட்ட நிலையிலும் கேட்டார்கள். இரண்டாவது நிலையில் ஆணுறைக்கான பிடிமானம் தளர்ந்தது. ஆகவே முடிவை அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்லும் வழி, "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே வாக்கியமாகவே முடிவு செய்து வைப்பது. "துணை ஆணுறை வேண்டாம்னு சொன்னா, 'அப்போ இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்'னு சொல்வேன்" என்பது போல. ஒரு மணி நேர வகுப்பு எடுப்பதாக இருந்தால், நான் இந்த ஒரு வாக்கியத்தை எல்லோரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வைப்பேன்.

இன்னொரு பொறியும் உண்டு. பழக்கம் ஆழமானதும், "நம்ம ரெண்டு பேருக்குள்ள எதுக்கு?" என்று ஆணுறை நின்றுபோகும். பால்வினை நோய்ப் பரிசோதனையின் இடத்தில் நம்பிக்கை உட்கார்ந்துகொள்ளும். இருவரும் சோதித்துக்கொண்ட பிறகு, வேறு கருத்தடை முறையோடு நிறுத்தினால் அது வேறு விஷயம்.

பொருளையும் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் சீட்டுக்கு அடியிலும், மாதக்கணக்கில் பர்ஸிலும் கிடந்த ரப்பர் வலுவிழந்துவிடும். தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ், அதாவது ஆணுறையின் ரப்பர், சட்டென்று பலமிழக்கும். நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குப் பசையே (லூப்ரிகன்ட்) சரி. ஆணுறைப் பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று தெரிய வேண்டும், காலாவதித் தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பிசகாமல் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 100 பெண்களில் 2 பேர் கருத்தரிப்பார்கள். நடைமுறையில் அது 13 ஆகிறது. இடைப்பட்ட 11 பேர் பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தவறுகளாலும், அன்றைக்கு மட்டும் விட்டதாலும் வருபவர்கள்.

கிழிந்தாலோ விட்டுப்போனாலோ 72 மணி நேரம் கைவசம் இருக்கிறது. பெண்ணுக்கான அவசரக் கருத்தடை மாத்திரையை (1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல்) எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. சந்தேகம் என்றால், அதே 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் போட்டுக் கேட்கலாம்.