ஹெவி மெட்டல் கிட்டார்: இரட்டைச் சுருள் செய்யும் வேலை

ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையை வாசிக்க மகன் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்பதாகவும், எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியவில்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நிறமும் வடிவமும் மகனின் விருப்பமாக இருக்கட்டும்; தந்தை முதலில் கவனிக்க வேண்டியது தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பைத்தான்.

காந்தத்தைச் சுற்றி, தலைமுடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றினால் அது பிக்கப். காந்தம் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் அளவு (காந்தப் பாயம்) மாறி, ஃபாரடே 1831-இல் கண்டறிந்தபடி மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆனால் வீட்டு மின்மாற்றியிலிருந்தும் டியூப்லைட் சோக்கிலிருந்தும் வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலமும் அதே சுருளுக்குள் புகுந்து ரீங்கார இரைச்சலாகிறது. ஒற்றைச் சுருள் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால், அந்த இரைச்சல் கூடுவதும் குறைவதும் தெளிவாகக் கேட்கும்.

மெட்டலில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பான ஒலிக்காக, கிட்டாரிலிருந்து வரும் மின்சைகையை (சிக்னலை) ஆம்ப்ளிஃபயர் பல மடங்கு பெருக்கி உச்சிகளை வெட்டிவிடுவதால், வலுவான ஸ்வரம் ஓர் எல்லையில் நின்றுவிட, மெலிந்த இரைச்சல் மட்டும் உயர்ந்து அதை நெருங்குகிறது. உள்ளங்கையால் தந்தியை அடக்கி வெட்டி வெட்டி வாசிக்கும் இந்த இசைக்கோ இடைவெளிகள் மௌனமாக இருந்தாக வேண்டும்.

கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் இதற்குத் தந்த விடை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதில் இரண்டு சுருள்கள் அருகருகே, மின்னோட்டத் திசை ஒன்றுக்கொன்று எதிராக அமையுமாறு இணைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி தாக்குவதால், ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் வந்து அழிந்துபோகிறது. அப்படியானால் இசையும் அழிய வேண்டுமே? அங்கேதான் லவரின் நுட்பம் இருக்கிறது: ஒரு சுருளுக்கு வடமுனையும் மற்றதற்குத் தென்முனையும் தந்தியை நோக்கியிருக்கும். தந்தியின் சைகை காந்தமுனையால் ஒரு முறையும் சுருளின் இணைப்பால் மறுமுறையும் தலைகீழாகிறது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்ற பள்ளிக் கணக்குப்படி, இரு சுருள்களின் இசையும் ஒன்றுசேர்ந்து வலுவடைகிறது.

அடுத்தது தந்தியின் அதிரும் நீளம். தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் டோனி இயோமி, தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தி வாசித்தது இந்த இசையின் அடையாளமானது. (தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த தந்தியை 73.4-க்கு இறக்கினால் இழுவிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தந்தி தொய்ந்து ஸ்வரம் தடுமாறும். 24.75 அங்குலத்துக்குப் பதில் 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரை எடுத்தால், அதே சுருதியில் இழுவிசை 6 விழுக்காடு கூடும். மீதியைத் தடித்த தந்தி ஈடுசெய்யும்.

உடலின் மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிக்கப் உணர்வது எஃகின் அசைவை. அபூர்வ மரத்தின் மீதான நம்பிக்கை பெரும்பாலும் கேள்வியின்றிக் கைமாறி வந்தது. அந்தப் பணம் நல்ல பிக்கப்புக்குப் போகட்டும்.

கடையில் ஆம்ப்ளிஃபயரின் கெயினை (சைகையைப் பெருக்கும் அளவை) உயர்த்தி, தந்திகளை உள்ளங்கையால் மூடிக் கேளுங்கள். பிறகு தந்திகள் அதிராதபடி கையை மெல்ல விலக்குங்கள். விலக்கியதும் இரைச்சல் பெரிதாக எழுந்தால், அது ஹம்பக்கரால் நீக்க முடியாத மின்புல இரைச்சல். உள்ளே உலோகக் காப்புறை போதவில்லை. அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.