சூத்திரம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

ஒரு சென்டிமீட்டர் கட்டைகளை அடுக்கி ஒரு பெட்டி போலக் கட்டி வைத்திருந்தேன். நீளம் 4, அகலம் 3, உயரம் 5. "இதுல மொத்தம் எத்தனை கட்டை இருக்கு?" என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முன்பக்கம் 20, வலப்பக்கம் 15, மேலே 12. "நாற்பத்தேழு டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை. "பின்னாடியும் இருக்குல்ல, அடியிலயும் இருக்கு" என்று சொல்லி இரட்டிப்பாக்கி 94 என்றான்.

இரண்டு பேருக்கும் கனச்செவ்வகத்தின் கன அளவுச் சூத்திரம் தலைகீழ்ப் பாடம். நோட்டில் போடச் சொன்னேன். நான்கு பெருக்கல் மூன்று பெருக்கல் ஐந்து, அறுபது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இங்க 60 வருது, எண்ணினா 47, 94 வருதே?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அது கணக்கு டீச்சர். இது எண்ணினது."

அளவியல் பாடம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் பதில் எனக்கு நினைவுக்கு வருகிறது. சூத்திரம் ஒரு உலகத்தில் இருக்கிறது, கையில் இருக்கும் பெட்டி இன்னொரு உலகத்தில் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணமே அந்தக் குழந்தைக்கு வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தது நாம்தான்.

அன்று நான் சூத்திரத்தை அழித்துவிட்டு, பெட்டியின் ஒரு மூலைக் கட்டையை உருவி அவள் கையில் கொடுத்தேன். "இதை எத்தனை தடவை எண்ணினே?" கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் ஒரு தடவை, பக்கத்தில் ஒரு தடவை, மேலே ஒரு தடவை. "மூணு தடவை எண்ணியிருக்கேன்" என்றபோது அவள் குரலே மாறியிருந்தது. பிறகு மேல்தட்டை எடுத்தோம். உள்ளே யாரும் பார்க்காத கட்டைகள் இருந்தன. அவற்றை ஒரு தடவைகூட எண்ணவில்லை.

பெட்டியை முழுக்கப் பிரித்து, வெளியே தெரியும் முகங்களை வைத்துக் கட்டைகளை வகை பிரித்தோம். மூன்று முகம் தெரிந்த மூலைக் கட்டைகள் 8. இரண்டு முகம் தெரிந்த விளிம்புக் கட்டைகள் 24. ஒரே ஒரு முகம் தெரிந்தவை 22. எதுவுமே தெரியாதவை 6. கட்டைகளைக் கூட்டினால் 60. முகங்களைக் கூட்டினால் 24, 48, 22 சேர்ந்து 94. பையன் சொன்ன 94 தப்பான எண்ணே இல்லை, அது வேறொரு கேள்விக்கான சரியான விடை. அந்தப் பெட்டியின் புறப்பரப்பு 94 சதுர சென்டிமீட்டர். கன அளவு 60 கன சென்டிமீட்டர். அவனிடம் அப்படித்தான் சொன்னேன். "தப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் அவன் அந்த 94ஐ அன்றோடு தூக்கிப் போட்டிருப்பான்.

இது என் வகுப்பில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. மைக்கேல் பாட்டிஸ்டா, டக்ளஸ் கிளெமென்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் கட்டை அடுக்குகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தார்கள். குழந்தைகள் பலர் அடுக்கை ஒரு முழுப் பொருளாகப் பார்க்காமல், ஒன்றோடொன்று ஒட்டாத முகங்களாகப் பார்த்தே எண்ணினார்கள். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து தட்டு தட்டாக அடுக்க வைப்பதுதான். அடித்தட்டில் 12 கட்டை. அதே போல ஐந்து தட்டு. அடிப்பரப்பை உயரத்தால் பெருக்குகிறோம் என்பது அப்போது மனப்பாட வரியாக இருக்காது, அடுக்கிய கைக்கே தெரிந்த விஷயமாக இருக்கும். உருளைக்குப் போகும்போதும் இதே தட்டுதான் கைகொடுக்கும், தட்டு மட்டும் வட்டமாகிவிடும்.

புறப்பரப்பையும் கன அளவையும் குழப்பிக்கொள்ளும் குழந்தைக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. 6 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனச்சதுரம். புறப்பரப்பு ஆறு முறை 36, அதாவது 216. கன அளவு 6 பெருக்கல் 6 பெருக்கல் 6, அதுவும் 216. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?" என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் காத்திருப்பேன். அதே கனச்சதுரத்தை மில்லிமீட்டரில் கணக்கிடச் சொல்வேன். புறப்பரப்பு 21,600 சதுர மில்லிமீட்டர், கன அளவு 2,16,000 கன மில்லிமீட்டர். பொருள் அதேதான், எண்கள் பிரிந்துவிட்டன. அலகு என்பது விடைக்குப் பின்னால் ஒட்டும் வால் இல்லை, எதைக் கொண்டு அளந்தோம் என்பதே அதுதான் என்று இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

இன்னொன்று, எல்லார் வீட்டிலும் செய்யக்கூடியது. ஏ4 தாள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நீளவாக்கில் சுருட்டி ஒல்லியான, உயரமான குழாய் ஆக்குங்கள். மற்றதை அகலவாக்கில் சுருட்டிக் குள்ளமான, பருத்த குழாய் ஆக்குங்கள். விளிம்பும் விளிம்பும் தொட்டுக்கொண்டிருக்கும்படி டேப் ஒட்டுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டாம். எதில் அதிகம் கொள்ளும் என்று குழந்தையிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "ரெண்டும் ஒரே பேப்பர்தானே, சமமாத்தான் இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். உயரமானதில்தான் அதிகம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பருத்த குழாயைத் தட்டில் நிறுத்தி, உயரமான குழாயை அதற்குள் வைத்து, உயரமானதில் காய்ந்த மணலைக் கொட்டி நிரப்புங்கள். பிறகு உள்குழாயை மெல்ல மேலே உருவுங்கள். மணல் சரிந்து இறங்கும், பருத்த குழாய் நிரம்பாது.

தாள் 21க்கு 29.7 சென்டிமீட்டர். இரண்டு குழாய்களுக்கும் வளைபரப்பு ஒன்றேதான், 623.7 சதுர சென்டிமீட்டர். கன அளவோ உயரமானதற்கு ஏறத்தாழ 1,042 கன சென்டிமீட்டர், பருத்ததற்கு 1,474. ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரு முறைதான். இதைச் சொல்லிவிட்டுப் பிறகு மணலைக் கொட்டினால் பாதி சுவை போய்விடும். முதலில் மணல், பிறகு பேச்சு.

உருளையின் வளைபரப்புச் சூத்திரம் மறந்துபோகிறது என்று வரும் குழந்தையிடம், சுருட்டிய தாளைப் பிரிக்கச் சொன்னாலே போதும். செவ்வகம். அதன் ஒரு பக்கம் உயரம், இன்னொரு பக்கம் வட்டத்தின் சுற்றளவு. மறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. காலி அட்டைப்பெட்டிகளையும் இப்படியே வெட்டி விரிக்கலாம். கனச்சதுரமாக மடியும் வலைகள், அதாவது விரித்த வடிவங்கள், 11 விதம் உண்டு. அத்தனையையும் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் ஒரு மதியம் முழுக்க வகுப்பு தானாகவே நடக்கும்.

கூம்பில் மட்டும் நிறைய நேரம் ஒதுக்குங்கள். உயரத்தை அளந்து சொல்லச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் அளவுகோலைக் கூம்பின் மேல் சாய்த்து வைப்பார்கள். அது சாயுயரம். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தை வெட்டிச் சுருட்டினால் கூம்பு வரும். அந்த 10தான் சாயுயரமாகிறது, அடியின் ஆரம் 5 ஆகிறது. கூம்பைத் தரையில் நிறுத்தி, பக்கத்தில் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்தால் உயரம் 8.7க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரே கூம்புக்கு இரண்டு நீளங்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிதாகரஸ் தேற்றம் அங்கே எதற்கு வருகிறது என்பது விளங்குகிறது. அதே அடி, அதே உயரம் உள்ள உருளையைக் கூம்பால் மூன்று முறை மணல் கொட்டி நிரப்பிக் காட்டவும் தவறாதீர்கள். அடியும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், எந்தக் கூம்பும் எந்த உருளையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று சில பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கே அப்படி நடந்திருக்கிறது.

கோளத்துக்கு வரும்போது பண்டைய கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் பற்றிச் சொல்வது எனக்கு வழக்கம். உருளைக்குள் கச்சிதமாக அடங்கும் கோளம், கன அளவிலும் சரி, மொத்தப் புறப்பரப்பிலும் சரி, அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று அவர் நிறுவினார். அந்தக் கோளமும் உருளையும் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 75இல் சிசிலித் தீவுக்குப் போயிருந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, புதர் மண்டிக்கிடந்த அந்தக் கல்லறையை இந்த இரண்டு உருவங்களை வைத்துத்தான் அடையாளம் கண்டதாக எழுதியிருக்கிறார். பின்வரிசைப் பிள்ளைகளும் இதைக் கேட்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெற்றோரிடமும் உடன் பணியாற்றுவோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "பூச்சு, வண்ணம்னு வந்தா பரப்பு, லிட்டர்னு வந்தா கன அளவு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். முதல் பத்துக் கணக்குக்கு அது ஓடும். பதினொன்றாவதில், 500 லிட்டர் கொள்ளும் மூடியில்லாத தொட்டியின் உட்புறம் முழுக்க வண்ணம் பூச எவ்வளவு பரப்பு என்று கேட்டிருப்பார்கள். குழந்தை லிட்டரைப் பார்த்ததும் கன அளவுக்கு ஓடும், மூடி இல்லாததையும் கவனிக்காது. அதற்குப் பதிலாக, கணக்கைப் படித்ததும் "இங்க எதைத் தொடப் போறே? மேலயா, உள்ளயா? எத்தனை முகம்?" என்று கேளுங்கள். படம் வரைந்து, தொடப்போகும் முகங்களை மட்டும் கோடு போட்டு நிரப்பட்டும். எழுதும் வேகம் முதலில் குறையும். குறையட்டும்.

அலகு மாற்றத்துக்கும் இதே வழிதான். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கன சென்டிமீட்டர் என்று கேட்டால் 100 என்று பதில் வருவது வெகு சாதாரணம். ஒரு மீட்டர் நீளமுள்ள பன்னிரண்டு குச்சிகளை மூலைகளில் கட்டி ஒரு கூடு செய்து வகுப்பில் வைத்தேன். பிள்ளைகள் அதற்குள் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள பெட்டி ஒன்றைக் கொடுத்தேன், சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் கொள்வது. கூட்டின் அடியில் ஒரு ஓரமாக அந்தப் பெட்டி எத்தனை வரும்? பத்து. அடித்தட்டு முழுக்க? நூறு. எத்தனை தட்டு? பத்து. ஆயிரம் லிட்டர். ஒவ்வொரு லிட்டருக்குள்ளும் ஆயிரம் குட்டிக் கட்டைகள். பத்து லட்சம் என்று பலகையில் எழுதியதும் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து போய் மறுபடியும் அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டான். கையில் ஒரே ஒரு கட்டையை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். மணி அடித்த பிறகும் அவன் வெளியே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.