1974-இல் அவர்கள் தொண்டைக்கு என்ன ஆயிற்று?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் நேரடிப் பதிவுகளை ஆண்டு வரிசையில் கேட்டுவரும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “1972 ஐரோப்பியப் பயண ஆல்பத்தில் குரல் நிறைவாக இருக்கிறது. 1977 கார்னெல் கச்சேரியிலும் அப்படித்தான். நடுவில் 1974-இல் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறதே, தொண்டை கட்டிக்கொண்டதா?”

தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. மைக்கைப் பாருங்கள். அந்த ஆண்டுப் புகைப்படங்களில் குழுவின் பாடகர்களான ஜெர்ரி கார்சியாவின் முன்னும் பாப் வியரின் முன்னும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மைக் இருக்கும். ஒன்று கெட்டால் உதவட்டும் என்று வைத்தவை அல்ல அவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழிப்பதற்காக வைத்தவை.

எதற்குக் கழிக்க வேண்டும்? குழுவின் ஒலிப் பொறியாளர் ஓவ்ஸ்லி ஸ்டான்லியும் அலெம்பிக் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தாரும் வடிவமைத்த ‘ஒலிச்சுவர்’ என்ற ஸ்பீக்கர் அமைப்பு 1974 மார்ச் 23 அன்று கலிஃபோர்னியாவின் கவ் பேலஸ் அரங்கில் அறிமுகமானது. அறுநூற்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள், மொத்த எடை ஏறக்குறைய 75 டன். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் அடுக்கு. கிதாரும் குரலும் ஒரே ஸ்பீக்கர் கூம்பில் கலக்காததால் ஒன்று மற்றொன்றைச் சிதைக்காது. ஃபில் லெஷின் பேஸ் கிதாரிலோ ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப முடிந்தது. இதெல்லாம் பலரும் எழுதிவிட்ட சங்கதி. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சுவர் பாடகர்களுக்குப் பின்னால் நின்றது. பார்வையாளர்கள் கேட்டதையே அவர்களும் கேட்டார்கள், தங்கள் குரலைத் தாங்களே கேட்கக் காலடியில் வைக்கும் தனி ஸ்பீக்கர் (மானிட்டர்) கிடையாது.

ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நீட்டினால் ‘கூ...’ என்று ஊளையிடும் என்பது கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்த எவருக்கும் தெரியும். இங்கே மைக்கின் எதிரே நிற்பது ஒரு கட்டடம்!

அதற்குக் கண்ட தீர்வு அழகானது. ஒரே குணமுள்ள இரண்டு மைக்குகளை 60 மில்லிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாகப் பொருத்தி, ஒன்றின் முனைகளை மாற்றி இணைத்துவிட்டார்கள். பாடகர் மேல் மைக்கில் உதட்டை ஒட்டிப் பாடுவார். தொலைவிலுள்ள சுவரின் ஒலி இரண்டு மைக்கையும் ஏறத்தாழ ஒரே வலிமையில் ஒரே நேரத்தில் அடையும், கழித்தால் பூஜ்யம். குரல் மட்டும் ஒரு மைக்கில் பலமாகவும் மற்றதில் பலவீனமாகவும் விழுவதால் மிஞ்சும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாயை ஒரு புள்ளியாகக் கொள்வோம். ஒலியழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். மேல் மைக் 1 செ.மீ. தூரத்தில் என்றால் கீழ் மைக் 6 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். மேலே 1, கீழே ஏறக்குறைய 1/6. கழித்தபின் 5/6 பங்கு குரல் தங்குகிறது. நட்டமே இல்லை என்று சொல்லலாம்.

இப்போது பாடகர் சற்றே பின்வாங்கி 15 செ.மீ. தள்ளி நிற்கிறார். மேல் மைக்குக்கு 15, கீழ் மைக்குக்கு 16.2. இரண்டிலும் விழுவது ஏறக்குறைய ஒரே அளவு, ஆகவே குரலையும் சுவரென்று எண்ணிக் கருவி கழித்துவிடும். சாதாரண மைக்கில் இதே நகர்வு குரலை 15-இல் ஒரு பங்காக்கும். இங்கே குரலின் அடிப்பகுதி ஏறத்தாழ 175-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

‘அடிப்பகுதி’ என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 150 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 2 மீட்டருக்கு மேல். அதற்கு 1.2 செ.மீ. பாதை வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 செ.மீ.தான். அங்கே அதே வேறுபாடு இரண்டு அலைகளையும் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்திவிடும், அதனால் கழிவு முழுமையாகாது. அந்தப் பகுதி ஏறத்தாழ 30-இல் ஒரு பங்குவரைதான் இறங்குகிறது. நெஞ்சுக்குரல் போய்விடும், மூக்கும் பல்லும் மிஞ்சும். வாசகர் சொன்ன தகர டப்பா இதுதான்.

இன்னொரு வேடிக்கை. குரலுக்கான ஸ்பீக்கர்த் தொகுப்பு பாடகர்களின் தலைக்கு மேலே, நடுவில் இருந்தது. நேர் மேலிருந்து வரும் ஒலிக்கு 60 மி.மீ. கடக்க 0.17 மில்லிநொடி ஆகும். சுமார் 2900 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலை, ஆகவே கழித்தல் கூட்டலாகிவிடும். அணைக்க வேண்டியதை இந்தச் சாதனம் அந்த இடத்தில் இரட்டிப்பாக்குகிறது. சாய்வாக வரும் ஒலிக்கு இந்த அதிர்வெண் இன்னும் உயரும். மனிதச் செவி மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் அந்தப் பக்கமே என்பது துரதிர்ஷ்டம். தவிர, இரண்டு மைக்கும் துல்லியமான இரட்டையராக இருக்க வேண்டும். உணர்திறனில் 1 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே கழிவு 18 டெசிபலோடு நின்றுவிடும்.

இவ்வளவையும் ஒரு ராக் குழு தன் கச்சேரி வருமானத்தில் செய்துபார்த்தது. எந்த ஆய்வு நிதிக்குழுவும் இந்த விண்ணப்பத்தைத் தொட்டிருக்காது. சுமைகூலியும் ஆள்கூலியும் தாங்காமல் அக்டோபரில் சுவர் இறக்கப்பட்டது. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒப்பீடு. 1972 ஆல்பத்தைப் போட்டியிலிருந்தே விலக்குங்கள். அதன் குரல்களில் பெரும்பகுதி பின்னர் ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்க்கப்பட்டது. 1977 மே 8 கார்னெல் பதிவில் பாடகருக்கு ஒற்றை மைக், ஒலிபெருக்கிகள் மேடைக்கு முன்பக்கம். அதோடு அது பதிவுப் பொறியாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் பதிவுக்கென்றே காது வைத்துக் கலந்தது. ஆகவே 1974-உடன் ஒப்பிடும்போது குரலை விட்டுவிட்டு வாசிப்பை ஒப்பிடுவதே நியாயம். வாசிப்பில் 1974-ஐ நான் ஒரு படி மேலே வைப்பேன், குறிப்பாக பேஸ் கிதாரை.

ஒரே இரவுகள் இரண்டு கைகளில் எப்படி மாறும் என்று பார்க்க, 1974 அக்டோபர் விண்டர்லேண்ட் கச்சேரிகளைக் கேளுங்கள். 1976-இல் வந்த ‘ஸ்டீல் யுவர் ஃபேஸ்’, 2005-இல் வந்த, குழுவைப் பற்றிய திரைப்படத்தின் ஒலித்தொகுப்பு இரண்டும் அந்த ஐந்து இரவுகளிலிருந்து வந்தவையே. மைக் அதே மைக், கலவைதான் வேறு. ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3, 4 டெசிபல் ஏற்றினால் குரலுக்குக் கொஞ்சம் சதை பிடிக்கும். அதற்கு மேல் ஏற்றினால் கூடவே டிரம்ஸின் உறுமல்தான் எழும், கழிந்துபோன குரல் திரும்பாது. விலையுயர்ந்த கேபிள் மாட்டினால் திரும்பும் என்று விற்பவர்களிடம் தாயத்தும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

கேட்கும் முன் இரண்டு சோதனைகள். முதலில் இரண்டு பதிவுகளின் ஒலியளவையும் சமமாக்குங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது ‘நன்றாக வாசித்ததாக’ ஏமாற்றும். அடுத்து டேப்பின் வேகம். அமெரிக்க மின்சாரத்தின் ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ். பாட்டுகளுக்கு இடைப்பட்ட அமைதியை அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) காட்டும் மென்பொருளில் பாருங்கள். ரீங்காரத்தின் கோடு 61-இல் நின்றால் டேப் 1.7 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. சுருதி கால் பங்கு அரைச்சுரத்துக்கும் மேல் ஏறியிருக்கும், தாளமும் துடிப்பாகத் தோன்றும். ‘அன்றைக்கு என்ன உற்சாகம்!’ என்று கொண்டாடுவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு 1974-க்குத் திரும்பி, நீண்ட வரிகளின் முடிவைக் கவனியுங்கள். பாடகர் மூச்சு வாங்கத் தலையைப் பின்னிழுக்கும் இடங்களில் கடைசி அசை மெலிந்து, ஓசையில்லாமல் காற்றாகி மறையும். அந்த 15 செ.மீ. உங்கள் காதிலேயே கேட்கும்.