செவலுக்கு ஒரு கணக்கு, கரம்பைக்கு ஒரு கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மேட்டில் செவல், அதாவது மணல் கலந்த செம்மண் இருக்கும். கண்மாய்க்குக் கீழே இறங்கினால் கரம்பை எனப்படும் கறுத்த களி. இரண்டிலும் நிலம் வைத்திருப்பவர்கள்கூட மோட்டாரை ஒரே கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். செவலில் வீணாகும் தண்ணீரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மண்ணில் தண்ணீர் தங்குவது துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில். மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். சந்தும் பெரிது என்பதால் தண்ணீர் தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும். களித் துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அந்த நுண்ணிய சந்துகளில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். இறுகப் பிடித்த அதில் ஒரு பங்கு வேருக்கும் கிடைக்காது.

கத்தரித் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேர் ஓடும் ஆழம் 30 சென்டிமீட்டர். மணற்பாங்கான செவல் அதற்குள் பயிருக்காகச் சுமார் 20 மி.மீ. உயரத் தண்ணீர்தான் வைத்திருக்கும், களியில் ஏறக்குறைய 50 மி.மீ. பாதி தீர்ந்ததும் பாய்ச்சுவது நல்லது. கோடையில் பயிருக்கும் வெயிலுக்குமாக நாளொன்றுக்கு 5 மி.மீ. போகிறது என்றால், செவலுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 மி.மீ., களிக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை 25 மி.மீ. போதும்.

சரி, செவலில் ஒரேயடியாக 30 மி.மீ. விட்டால்? ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது 4,047 லிட்டர். கூடுதலான 20 மி.மீ., அதாவது சுமார் 80,000 லிட்டர், வேரைத் தாண்டிப் போய்விடும். போட்ட யூரியாவின் சத்தையும் கரைத்துக்கொண்டு போகும். இலை வெளுத்ததும் மறுபடி உரம் வாங்க ஓடுவோம்.

களியின் சிக்கல் வேறு. மணலில் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் இறங்கும் தண்ணீர், களியில் 1 முதல் 5 மி.மீ.தான் இறங்கும். வேகமாக விட்டால் பாத்தியில் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காது. சொட்டுநீரிலும் இதே கதைதான்: செவலில் ஈரம் ஒடுங்கி ஆழமாக இறங்கும், களியில் அகலமாகப் பரவும். அதனால் செவலில் சொட்டுவான்களை நெருக்கமாக வைக்க வேண்டும்.

உங்கள் மண் எது என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, விரல்களுக்கு இடையே நாடாவாக அழுத்துங்கள். நீண்டு வந்தால் களி, உடனே உதிர்ந்தால் மணல்.

செவலின் குணத்தைக் கொஞ்சம் மாற்றவும் முடியும். வற்றிய கண்மாயிலிருந்து கரம்பை அள்ளி அடிப்பது நம் பக்கத்துப் பழைய பழக்கம். அந்த நுண்துகள்களும் மட்கும் சேர்ந்தால் செவல் கூடுதலாக ஈரம் பிடிக்கும்.

அப்புறம், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கத்தரிக்கு அந்த ஆழத்தில் மண் சொதசொதவென்று இருந்தால், அடுத்த முறை மோட்டாரைச் சீக்கிரமே நிறுத்தலாம்.