சிங்குக்குக் கீழே ஒரு அரைப் பலகை

குசினியில் பான்ட்ரி கபேட் போட்டு ஒரு மாரி கழிந்திருக்காது. சிங்குக்குக் கீழே உள்ள கதவு சரியாகப் பூட்டுப்படாது. உள்ளே இருக்கும் சவர்க்காரப் போத்தல், வாளி, பழந்துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அடிப் பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற் மாதிரி அமிழும். 18 மில்லிமீற்றர் பலகை 24, 25 என்று ஊதியிருக்கும். மேலே ஒட்டிய வெள்ளை லமினேற் மட்டும் தோல் போலச் சுருங்கி நிற்கும். உள்ளே இருப்பது ஈரத் தூள். அந்தத் தூளில் பிணைச்சல் ஆணி எப்படிப் பிடிக்கும்? கதவு தொங்கத்தான் செய்யும்.

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எங்கே பார்த்தாலும் பழுது ஒன்றுதான், இடமும் ஒன்றுதான். 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுப்பனவில் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டின வீடுகளை இப்போது பலர் திருத்தி எடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த காசு, நெல் விற்ற காசு, சீட்டு எடுத்த காசு என்று சேர்த்த பணத்தில் பெரிய பங்கு குசினிக்குத்தான் போகிறது. அது இரண்டு வருஷத்தில் தூளாகிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பச்சைப் பலகைக் கதை. "இது பச்சை எம்டிஎஃப், வோட்டர்ப்றூஃப், தண்ணிக்கு ஒன்றும் ஆகாது" என்று கடையில் சொல்வதை நம்பி வாங்காத ஆட்களைக் காண்பது அரிது. தயவுசெய்து இதை ஒருக்கால் நிதானமாக வாசியுங்கள். எம்டிஎஃப் என்பது மரத்தை நாராக அரைத்துப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. சாதாரணப் பலகையில் போடும் பசை ஈரத்தில் இளகும். பச்சைப் பலகையில் அதைவிட நல்ல பசை போடுகிறார்கள். அது காற்றில் உள்ள ஈரப்பதனைத் தாங்கும், எப்போதாவது தெறிக்கும் துளியைத் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணியைத் தாங்காது. அந்தப் பச்சையும் வெறும் சாயம்தான், அடையாளத்துக்குக் கலப்பது. சாயத்தை யாரும் கலக்கலாம். பச்சை நிறம் தண்ணியைத் தடுக்காது, தடுக்கவே தடுக்காது.

லமினேற் ஒட்டினால் தண்ணி போகாதுதானே என்று அடுத்த கேள்வி வரும். முகத்தால் போகாது. போவது ஓரத்தால். பைப்புக்காக ஓடாவி வெட்டின வட்டம், பின்பக்க ஓரம், தரையில் நிற்கும் அடி ஓரம் ஆகியவற்றுக்கு எட்ஜ் பான்ட் (ஓரத்தை மூடும் பட்டி) ஒட்டும் வழக்கம் இங்கே அநேகமாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் முன் ஓரத்துக்கு மட்டும் ஒட்டுவார்கள். இதற்கு மேல் எங்கள் வீடுகளில் குசினித் தரையை வாளியால் தண்ணி ஊற்றித்தான் கழுவுகிறோம். அந்தத் தண்ணியில் நேரே நிற்கும் எம்டிஎஃப் பக்கப் பலகை திரி மாதிரி ஈரத்தை மேலே இழுக்கும்.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே பலகையில் உள்ளங்கை அளவு வெட்டுத் துண்டு ஒன்று கேளுங்கள். ஓரத்தின் தடிப்பை அளந்து எழுதி, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணியில் அமிழ்த்தி வைத்துவிட்டுத் திரும்ப அளவுங்கள். 18 மில்லிமீற்றர் பலகை 19½ தாண்டினால் அதைச் சிங்குக்குக் கிட்டவும் விடாதீர்கள். துண்டு தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 2 அடி அகலம், 28 அங்குல உயரம், 22 அங்குல ஆழத்தில் ஒரு சிங்க் பெட்டி. அதற்கு இரண்டு பக்கப் பலகையும் ஓர் அடிப் பலகையும் வேண்டும். 8 அடிக்கு 4 அடிப் பலகையை நீளவாக்கில் பாதியாக அரிந்தால் அந்த மூன்றும் ஒரு பாதிக்குள்ளேயே அடங்கிவிடும். குசினியில் எம்டிஎஃப் எங்கே போட்டாலும் போடுங்கள், அந்த அரைப் பலகையை மட்டும் மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். 10 அடி நீளக் கீழ்ப் பெட்டிகள் முழுவதற்குமே, கதவுகள் நீங்கலாக, 3 பலகை போதும். பலகையை மாற்றுவதால் மொத்தச் செலவில் வரும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மினுங்கும் கதவுக்கும் உள்லைற்றுக்கும் கொடுக்கும் காசை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த இடத்துக்கு இரண்டு பொருள் பொருந்தும். ஒன்று மரைன் பிளைவூட். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை பலகையிலேயே இருக்க வேண்டும். அது 72 மணித்தியாலம் கொதிநீரில் கிடந்தும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐஎஸ் 303 என்று போட்டு எம்ஆர் (ஈரப்பதன் தாங்கும் ரகம்) என்று எழுதியிருந்தால் அது தளபாடத்துக்கான பலகை, சிங்குக்கு உரியதல்ல. விலைப் பட்டியலில் வெறுமனே "பிளைவூட்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றது 18 மில்லிமீற்றர் பிவிசி ஃபோம் பலகை, அதாவது பிளாஸ்ரிக் நுரைப் பலகை. தண்ணியும் கறையானும் அதை ஒன்றும் செய்யாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் அடர்த்தி குறைந்தது, ஆணி பிடிக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் அதைப் போடவேண்டாம், சூட்டில் வளையும். 2 அடிக்கு மேல் நீளமான தட்டுக்கும் வேண்டாம், பாரத்தில் தொய்யும்.

அலுமினியம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்கள் ஈரத்துக்கும் கறையானுக்கும் அது நல்ல தெரிவுதான். பழுது வருவது பிணைச்சல் இடத்தில். மெல்லிய குழாய்ச் சட்டத்தில் நேரே ஸ்குறூ முறுக்கினால் சில மாதத்தில் ஓட்டை பெருத்துக் கழன்றுவிடும். பிணைச்சல் வரும் இடத்தில் சட்டத்துக்குள் மரக்கட்டையோ தடித்த அலுமினியத் துண்டோ வைத்துத்தான் முறுக்க வேண்டும். இதை வேலை தொடங்க முன்னரே சொல்லுங்கள், பிறகு சொன்னால் செய்யமாட்டார்கள்.

காசு மிகவும் இறுக்கம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வன்னிக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே உங்கள் குசினியில் கொங்கிறீற் தட்டு இருந்தால் அதை உடைக்காதீர்கள். "மொடர்னாகச் செய்வம்" என்று யாராவது சொன்னால் இரண்டு தரம் யோசியுங்கள். தட்டின் கீழ் 4 அங்குலக் கல்லில் தடுப்புச் சுவர் வைத்து, உள்ளே பூசி மாபிள் ஒட்டி, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் போட்டால் போதும். உள்தரையை வெளித்தரையை விட 4 அங்குலம் உயர்த்தி, முன்பக்கமாகச் சிறிது சரிவு கொடுங்கள். பைப் ஒழுகினால் தண்ணி வெளியே வந்து காட்டிக்கொடுக்கும், ஊறப் பலகையும் இராது. சட்டத்துக்கு வேம்போ முதிரையோ கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு தடுப்புக்கும் 4 அங்குல இடம் போகும், லாச்சிக்குத் தனிப் பெட்டி வைக்க வேண்டும். குறை அவ்வளவுதான். 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் 4 அங்குலப் பிளாஸ்ரிக் கால் வைத்து, முன்மறைப்பைக் கழற்றிப் போடும் கிளிப்பில் பூட்டச் சொல்லுங்கள். பலகை ஒருநாளும் தரையைத் தொடக்கூடாது.

உயரம். கடைக்காரர் 34 அங்குலம் என்பார், அது யாரோ ஒருவருக்குச் சரி. சமைக்கும் ஆள் நிமிர்ந்து நின்று கையை மடக்க, முழங்கையில் இருந்து தரைக்கு அளந்து 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். 5 அடி உயரமான பெண்ணுக்கு அநேகமாக 32, 33 வரும். மேலே வைக்கும் காஸ் அடுப்பு இன்னும் 4 அங்குலம் ஏற்றும் என்பதால், அடுப்பு வரும் பகுதியைத் தாழ்த்திக் கட்டுவது தோளுக்கு நல்லது. முப்பது வருஷம் நின்று சமைக்கப்போகும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அளவு எடுக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டு நிறுத்தி அளவுங்கள்.

மேல் கபேட் கழன்று விழுந்தால் ஆளுக்கே ஆபத்து. சீமெந்து குறைத்து அரிந்த கல்லுச் சுவர்கள் இங்கே நிறைய. துளையிடும்போது மண் மாதிரி உதிர்ந்தால் சாதாரணப் பிளக் நிற்காது. நீளமான ஆணி, இரும்புப் பட்டி, முடிந்தால் கதவு, யன்னலுக்கு மேலே போகும் லின்ரல் கொங்கிறீற்றில் பிடிப்பு. கறுப்பு ஜிப்சம் ஸ்குறூவால் கபேட் தூக்குவதைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள், அது துருப்பிடித்துத் தலை முறியும்.

சிங்க் வாங்கப் போகும்போது காந்தம் கொண்டு போகிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 ஸ்ரெயின்லெஸ் என்று நினைக்கிறார்கள். 201 என்ற மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் சில வருஷத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 304 என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பைப்பு விஷயத்தில் வடிவைப் பார்க்காதீர்கள். 10 அடி உயரத்தில் உள்ள தண்ணித் தாங்கி ஏறக்குறைய 0.3 பார் அழுத்தம்தான் தரும். 1 பார் கேட்கும் வெளிநாட்டு மிக்ஸர் பைப்பில் அங்கே தண்ணி நூல் மாதிரித்தான் வரும். எங்கள் கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு அதன் வலையையும் அடைத்துவிடும். கால் சுற்றுத் திருகினால் திறக்கும் பித்தளைப் பைப் போதும்.

காஸ் சிலிண்டர் பற்றிக் கெஞ்சியே கேட்கிறேன். 12.5 கிலோ சிலிண்டரைக் காற்றோட்டம் இல்லாத கபேட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டாதீர்கள். காஸ் காற்றை விடப் பாரமானது, ஒழுகினால் தரையில் தேங்கி நிற்கும். 2021 நவம்பர், டிசெம்பரில் நாடு முழுக்க நடந்த வெடிப்புகளை மறந்துவிட்டோமா? சிலிண்டரை வெளிச்சுவரோடு நிழலில் வைத்து, சுவரைக் கடக்கும் இடத்தில் செப்புக் குழாய் போடுவது நல்லது. உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் கதவின் அடியில், தரையை ஒட்டிக் காற்றுத் துவாரம் கட்டாயம். வடிவு கெடும் என்று அதை அடைக்காதீர்கள். றப்பர்க் குழாயைச் சுவருக்குள்ளாலோ அடுப்புக்குப் பின்னாலோ விடாதீர்கள், 2 வருஷத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள்.

கறையானுக்கு மருந்து அடிப்பது கபேட் பூட்ட முன்னர். பூட்டின பிறகு அல்ல. சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, மருந்து விட்டு, சீமெந்தால் அடைக்க வேண்டும். கிணறு பக்கத்தில் இருந்தால் மருந்து அடிப்பவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அது குடிதண்ணி.

விலைப் பட்டியலில் பலரும் ஏமாறுவது மூலையில். ஒரு சுவர் 8 அடி, மற்றது 6 அடி என்றால் 14 அடிக்குக் காசு கேட்பார்கள். மூலையில் உள்ள 2 அடியை இரண்டு பக்கமும் எண்ணியிருக்கிறார்கள், உண்மையில் 12 அடிதான். அடிக்கணக்கில் விலை பேசாமல், பலகையின் ரகமும் தடிப்பும், முதுகுப் பலகை எத்தனை மில்லிமீற்றர், பிணைச்சல் எத்தனை, லாச்சிச் சனல் (லாச்சி ஓடும் தண்டவாளம்) எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டி பெட்டியாக எழுதி வாங்குங்கள். அரிசியும் மாவும் வைக்கும் லாச்சிக்கு 35 கிலோவுக்குக் குறைந்த சனல் வேண்டாம்.

கடைசிப் பங்குக் காசை வேலை முடிந்த அன்று கொடுக்காதீர்கள். சிங்கின் வாயை அடைத்து விளிம்பு வரை தண்ணி நிரப்புங்கள். கீழே அடிப் பலகை முழுக்கக் காய்ந்த பேப்பர் விரியுங்கள். அடைப்பை ஒரேயடியாக இழுத்துத் தண்ணியை ஓட விடுங்கள், மூன்று தரம். பிறகு பைப்பைப் பூட்டிவிட்டுப் படுங்கள். விடிய எழும்பி முதலில் அந்தப் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சதம் அளவு ஈரப் பொட்டு இருந்தாலும் ஓடாவியைக் கூப்பிடுங்கள், அவர் வந்து திருத்தி, பேப்பர் இன்னொரு இரவு காய்ந்தபடி கிடந்த பிறகு காசை எண்ணிக் கொடுங்கள்.