மிளகளவு சென்சாரும் டெல்டாவின் ஈரமும்

போன ஐப்பசியில் நாகப்பட்டினத்திலிருந்து கும்பகோணத்துக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். திருவாரூர் வரைக்கும் ஏசிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு காற்று மெல்ல மெல்லச் செத்துப்போனது. ப்ளோயரைக் கடைசி நம்பருக்குத் திருப்பினாலும் இரைச்சல்தான் வந்தது. குடவாசலில் டீ குடிக்க நிறுத்தி, அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினால் பழையபடி ஜில்லென்ற காற்று! வண்டி நின்ற இடத்தில் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் தேங்கியிருந்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் அளந்துகூடப் பார்க்காமல் கேஸ் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் அதே கதை. அடுத்துப் பார்த்த மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நிறுத்திவெச்சா சரியாயிடுதா தம்பி?" ஆமாண்ணே என்றேன். "அப்ப உள்ள ஐஸ் கட்டுது."

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில்தான் ஐஸ் கட்டும். பல கார்களில் ஓடும் ஆர்-134ஏ என்ற வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் அழுத்தம் அதைவிடக் கூடுதல் என்பதால் சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் கொதிக்கிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை நாம் அனுப்பும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது.

இங்கேதான் நம் ஊரின் ஈரம் வேலையைக் காட்டுகிறது. இருபுறமும் தண்ணீர் நிற்கும் வயல், குறுக்கே வாய்க்கால், கிழக்கே கடல். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 5 டிகிரிக்குக் குளிரவைத்தால் 7 கிராம் அளவுக்குத்தான் தாங்கும். மீதியெல்லாம் காயிலின் தகடுகளில் தண்ணீராக வடிகிறது. வண்டிக்கு அடியில் சொட்டுவது அதுதான். காயில் சுழியத்துக்குக் கீழே போய்விட்டால் வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே உறைந்து, தகடுகளின் இடுக்கை அடைத்துவிடும். அப்புறம் காற்று எப்படி வரும்?

இதைத் தடுக்கத் தகடுகளுக்கு நடுவே மிளகளவு சென்சார் ஒன்றைச் செருகியிருப்பார்கள். காயில் சுழியத்தை நெருங்கியதும் அது தரும் தகவலை வைத்து, வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நிறுத்தப்படும். சற்றே சூடானதும் மறுபடி ஓடும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பொடிகளை அழுத்திச் சுட்டெடுத்த மணி அது, தெர்மிஸ்டர் என்பார்கள். செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இதில் நேர்மாறு. வெப்பம் ஏற ஏற, நகரக்கூடிய மின்துகள்கள் அதிகமாகி மின்தடை சரசரவென்று இறங்கும். வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்துவிட்டார்.

மின்தடையைக் கார் படிக்கும் விதம் நம் பாசன மதகைப் போன்றது. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மதகுகள். முதல் மதகின் திறப்பு மாறாது. இரண்டாவதைத் தூக்கினால் நடுவில் நீர்மட்டம் இறங்கும், தாழ்த்தினால் ஏறும். அந்த இரண்டாவது மதகுதான் சென்சார். 5 வோல்ட் மின்சாரத்தை விட்டு, நடுவில் நிற்கும் வோல்ட்டை அளந்து, காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கண்ட்ரோல் யூனிட் கணக்குப் போடுகிறது.

என்னை வியக்கவைத்தது, ஒரே ஈரம் இந்தச் சென்சாரை இரண்டு விதமாகப் பொய் சொல்லவைப்பதுதான். மணியைச் சுற்றிய பூச்சுக்குள் நீர் கசிந்தால் மின்சாரத்துக்குப் பக்கவழி கிடைத்து மின்தடை குறையும். "இன்னும் சூடாகத்தான் இருக்கிறது" என்று சென்சார் சொல்ல, கம்ப்ரசர் நிற்காமல் ஓடி ஐஸ் கட்டும். அதே ஈரம், கடலோர உப்புக் காற்றும் சேர்ந்து, சென்சார் ஒயரை இணைக்கும் கப்ளரின் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கவைத்தால் மின்தடை கூடும். "உறையப் போகிறது" என்ற பொய்த் தகவலில் கம்ப்ரசர் சீக்கிரமே நின்று, குளிரே வராது. ஒயர் அறுந்தாலும் இப்படித்தான். வயலோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த ஒயரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சோதிக்க மல்டிமீட்டரும் ஐஸும் போதும். சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களிலும் மீட்டரை வையுங்கள். டம்ளரில் பொடித்த ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் ஏறக்குறைய சுழியம் டிகிரி. சென்சாரின் முனையை மட்டும் அதில் இரண்டு நிமிடம் வையுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகையானால் ஐஸில் 33 கிலோ ஓம் பக்கம் வர வேண்டும். காருக்குக் கார் எண் மாறும். சர்வீஸ் புத்தகத்து அட்டவணையே கணக்கு. என் சென்சார் ஐஸில் கிடந்தும் ஏற வேண்டிய அளவில் பாதிகூட ஏறவில்லை. சென்சார் சரியாக இருந்தால், சாவியைப் போட்டு, கழற்றிய கப்ளரின் ஒயர் பக்கம் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஐஸ் கட்டினாலே சென்சார்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. கேபின் ஃபில்டர் அடைத்தாலும் கட்டும், கேஸ் குறைந்தாலும் கட்டும். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கேஸை அழுத்தமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் ஏற்றுவது கம்ப்ரசருக்குக் கேடு. இந்த வாயு வெளியேறினால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. கடல் ஏறிவரும் டெல்டாவில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

சென்சாரை மாற்றும்போது கேஸ் லைனைத் திறக்க வேண்டியதில்லை, அது தொடுவது தகட்டைத்தான். சில கார்களில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டும். சிலவற்றில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பழையது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அங்கேயே புதியதைச் செருகுவது முக்கியம். ஓரமாக வைத்தால் காயிலின் மிகக் குளிர்ந்த பகுதி அதற்குத் தெரியாமல் போகும். மெல்லிய தகடுகள் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் வெளியே வரும் துளையை ரப்பர் வைத்து இறுக்கி மூடி, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரசரானால், அது விடுவதும் பிடிப்பதும் 'டக்' என்று கேட்கும்.