டேட்டா மைனிங்: சுரங்கமா, அகழாய்வா?

நெல்லைக் கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் படிப்பவரும் எம்.பி.ஏ. படிப்பவரும் ஆய்வுக்கு ஒருசேர எடுக்கும் தலைப்புகளில் ஒன்று டேட்டா மைனிங்; குவிந்து கிடக்கும் தரவுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கணினியால் தேடும் வேலை. பாடக்குறிப்புகளில் இதைத் ‘தரவுச் சுரங்கம்’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது.

‘டேட்டா’வின் வேர் லத்தீன் மொழியில் ‘தரப்பட்டது’ என்று பொருள்படும். ‘தரவு’ம் ‘தா’ என்ற வினையிலிருந்து வந்ததுதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். பழஞ்சொல் புதுப்பொருளை இயல்பாக ஏற்றுக்கொண்டது.

சிக்கல் ‘மைனிங்’கில்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைப்பது நிலக்கரி. இங்கே தரவு முன்னமே கையில் இருக்கிறது; தேடுவது அதற்குள் புதைந்திருக்கும் ஒழுங்கை. ஆங்கிலப் பெயரிலேயே உள்ள பிழை இது. 1989இல் கணினி ஆய்வாளர் பியாடெட்ஸ்கி ஷாப்பிரோ ‘தரவுத்தளத்தில் அறிவைக் கண்டறிதல்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆனாலும் மைனிங்தான் வாயில் நின்றது.

தாமிரபரணிக் கரையின் தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரை அறிந்தவர்களுக்கு அகழாய்வு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1876இல் யாகோர் அங்கே தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழியை வெளியே எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அது பேசும். ‘அகழ்வு’ வெறும் தோண்டல். ‘அகழாய்வு’ இரண்டையும் சொல்கிறது. எனவே ‘தரவகழாய்வு’ என்பதே சரி. கதவு, அடைப்பு சேர்ந்து கதவடைப்பு ஆவதுபோலத்தான் இந்தப் புணர்ச்சியும்.

எப்படி நடக்கிறது? கணக்குக்காகப் பாளையங்கோட்டை மளிகைக்கடை ஒன்றின் 1,000 பில்களை எடுத்துக்கொள்வோம். உளுந்து 200 பில்லிலும் கருப்பட்டி 100 பில்லிலும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 60இல். சேர்ந்து வரும் அளவு 6 சதவீதம். இதுதான் சப்போர்ட், ஆதரவு. கருப்பட்டி வாங்கியவர்களில் 60 சதவீதம் பேர் உளுந்தும் வாங்கினார்கள்; இது கான்ஃபிடன்ஸ், நம்பகம். பொதுவாக உளுந்து வாங்குவோர் 20 சதவீதம்தான். 60ஐ 20ஆல் வகுத்தால் 3. இதற்குப் பெயர் லிஃப்ட், உயர்வு விகிதம். உளுந்தங்களி கிண்டும் வீடுகள் பில்லில் தெரிகின்றன!

நம்பகத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். அரிசி 800 பில்லில் இருந்து, கருப்பட்டி வாங்கியவர்களிலும் 80 சதவீதம் பேர் அரிசி வாங்கியிருந்தால், நம்பகம் உளுந்தைவிடக் கூடுதல். உயர்வு விகிதமோ வெறும் 1. அதாவது கருப்பட்டிக்கும் அரிசிக்கும் தொடர்பே இல்லை.

இந்தக் கணக்குகளைப் போடுவதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே சரக்கு ‘உளுந்து’, ‘உ.பருப்பு’, ‘உளுந்தம்பருப்பு’ என மூன்று பெயரில் பதிவாகியிருந்தால், கருப்பட்டியோடு அது சேர்ந்து வரும் 6 சதவீத ஆதரவு மூன்றாகச் சிதறும். ஆதரவு 5 சதவீதத்துக்குக் குறைந்தால் வேண்டாம் என்று எல்லை வைத்திருந்தால் மூன்றுமே கழிந்துபோகலாம், உண்மையான தொடர்பு கண்ணில் படாமலே போகும். திருப்பிக்கொடுத்த சரக்கின் பில்லையும் நீக்க வேண்டும்.

1,000 சரக்கு உள்ள கடையில் ஜோடிகள் 4,99,500. அத்தனையையும் எண்ணாமல் தப்பிக்க, 1994இல் அகர்வாலும் ஸ்ரீகாந்தும் தந்த அப்ரியாரி முறை உதவுகிறது: தனியாகவே அரிதாக விற்கும் சரக்கு, ஜோடியிலும் அரிதாகத்தான் வரும், முதலிலேயே கழித்துவிடலாம்.

புள்ளியியலாளர்கள் ஒருகாலத்தில் இந்தத் தேடலையே இழிவாகப் பார்த்தார்கள். ‘தரவைத் தூர்வாருதல்’ என்று பொருள்படும்படி அழைத்தார்கள். காரணம் உண்டு. தொடர்பே இல்லாத 4,99,500 ஜோடிகளை 5 சதவீதப் பிழை அளவில் (தற்செயலை நூற்றுக்கு ஐந்து முறை தொடர்பென்று நம்பிவிடும் அளவில்) சோதித்தாலும், ஏறக்குறைய 25,000 ஜோடிகள் தற்செயலாகவே தொடர்புள்ளவைபோலத் தோன்றும். ஆகவே ‘கருப்பட்டி வாங்குபவர் உளுந்தும் வாங்குவார்’ என்பதுபோன்ற விதியைப் பழைய மாதங்களின் பில்லில் கண்டுபிடித்து, அதில் சேர்க்காத புதிய மாதங்களின் பில்லில் சரிபார்க்க வேண்டும். ஆய்வேடுகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் படிதான்.

இதே வழியில் டெக்ஸ்ட் மைனிங்கை ‘உரையகழாய்வு’ எனலாம். பிட்காயின் மைனிங்குக்கு மட்டும் இந்தச் சொல் ஆகாது. அங்கே கணக்குப் போட்டுப் புதுக்காசு ஈட்டுகிறார்களே தவிர எதையும் தோண்டி ஆய்வதில்லை.